ஆடாத வீடு

கரை என்று ஒன்றே இல்லாத அந்தக் கோளின் கடலில் எண்பது வீடுகள் வரிசையாகக் கோக்கப்பட்டு மிதந்தன. வானம் வருஷம் முழுக்க மூடியே கிடந்ததால் வெயிலை நம்பிப் பயனில்லை. காற்றாடிகளை முதல் புயலே பிய்த்துக்கொண்டு போய்விட்டது. மிச்சம் அலைதான். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே பெரிய இரும்புக் கீல்கள். வீடு ஏறி இறங்கினால் கீல் மடங்கும், கீல் மடங்கினால் பம்பு அமுங்கும், பம்பு அமுங்கினால் மின்சாரம் வரும். உப்புத் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் மெஷினும் அதில்தான் ஓடியது. ஆக, வீடு ஆடினால்தான் பிழைப்பு.

கீல்களுக்கெல்லாம் பொறுப்பு, ஸ்பேனர் என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒருத்தி. பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கே மறந்திருக்கும். அங்கேயே பிறந்தவள் என்பதால் ஆட்டம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. அவள் மாமியாருக்கோ குடித்த வெந்நீர்கூடத் தங்கவில்லை. கெட்டித் தரையுள்ள கோளிலிருந்து, மகனோடு இருந்துவிடலாம் என்று வந்த மனுஷி ஒரே வாரத்தில் பாதியாகிப் போனார். மாதக் கடைசிப் படகில் விண்கலத் துறைக்குப் போய் அப்படியே ஊர் திரும்புகிறேன் என்றார். அம்மாவைத் தனியாக விட முடியாது, நானும் போகிறேன் என்றான் புருஷன். போனால் திரும்பி வர ஒன்பது வருஷம்.

அன்று மதியமே ஸ்பேனர், கீல் மடங்காமலிருக்கப் பழுது பார்க்கும்போது மட்டும் செருகுகிற பூட்டுக் கம்பிகளை எடுத்துப்போய்த் தன் வீட்டின் இரண்டு பக்கக் கீல்களிலும் செருகிவிட்டாள். வீடு கம்மென்று நின்றது. மாமியார் தூங்கினார், எழுந்தார், சாப்பிட்டார், தலை சீவிக்கொண்டு அக்கம்பக்கத்தில் பேசக்கூடப் போனார். புருஷன் பெட்டியைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் வைத்தான்.

இரண்டு கீல்தானே, யாருக்குத் தெரியப்போகிறது என்றுதான் நினைத்தாள். ஆனால் அவள் வீடு வரிசையின் தலைப்பக்கம், அலையை முதலில் வாங்குகிற இடம். அங்கே மூன்று வீடுகள் ஒரே கட்டையாகி அலையை மழுக்கிவிட, பின்னாலிருந்த கீல்களும் சோம்பிப்போயின. இது அவளுக்குத் தெரியாததா? நன்றாகத் தெரியும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

நான்காம் நாள் வீட்டுக்கு நான்கு கேன் தண்ணீர் இரண்டானது. பழுதைக் கண்டுபிடி என்று அவளையே அனுப்பினார்கள். பழுதே இல்லாத கீல்களை இரண்டு நாள் தட்டித் தட்டிப் பார்த்தாள். வெட்கக்கேடு. அதற்கடுத்த நாள் தண்ணீர் வரிசையில், கைக்குழந்தைக்காரி ஒருத்தி தன் பங்கில் அரைக் கேனை மாமியாருக்கு ஊற்றினாள். நோயில் கிடந்து எழுந்தவங்க, நீங்க குடிங்க என்றாள். பார்த்துக்கொண்டிருந்த ஸ்பேனருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டாள்.

"அத்தை, வீடு ஆடாம இருக்கிறதுக்கு நான்தான் காரணம். கீலைப் பூட்டிட்டேன். தண்ணி குறைஞ்சதும் அதனாலதான்."

மாமியார் கேனையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ நான் தூங்கினதெல்லாம் அந்தக் குழந்தையோட தண்ணியிலயா?"

"கம்பியை எடுத்துட்டா நீங்க போயிருவீங்க. அவரும் போயிருவாரு. பயந்துட்டேன் அத்தை."

"முதல்ல போய் அதை உருவு."

உருவினாள். தண்ணீர் வரிசையில் நின்றவர்களிடமும் போய் ஒப்புக்கொண்டாள். வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. இரண்டு மாதம் எல்லா வீட்டுக்கும் அவளே கேன் சுமக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

வீடு திரும்பியபோது தரை பழையபடி ஏறி இறங்கியது. மாமியார் கட்டிலைப் பிடித்தபடி பக்கெட்டில் குனிந்திருந்தார். புருஷன் காலிப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தான். ஸ்பேனர் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

மாமியார் தலையை நிமிர்த்தினார். "எங்கடா கிளம்பிட்ட? அந்தப் படகு மட்டும் ஆடாதா? வரும்போதே நாலு நாள் அதுல செத்துப் பிழைச்சேன். வாந்திதான்னு ஆயிட்டா என் வீட்டிலயே எடுத்துக்கிறேன். பெட்டியை மேல வை."

ஸ்பேனர் பக்கெட்டை வாங்கிக்கொண்டு கழுவப் போனாள். போகும்போதே அழுதாள். சந்தோஷத்தில்தான்.