டாக்டர் ப்ரிடோவின் அந்தி

கடவுள் பகலையும் இரவையும் படைத்தார். நடுவில் அந்தியை மட்டும் அரைகுறையாக விட்டுவிட்டார். அந்தக் குறையைத் தீர்க்கவே டாக்டர் டெனிசன் ப்ரிடோ இவ்வுலகுக்கு வந்தார். இதை அவர் வாயாலேயே கேட்டோம். ஆஸ்திரேலியாவில், மில்மெரான் என்ற சிற்றூருக்கு வெளியே, என் அக்கா ரேலீனின் முட்டைக்கோழிப் பண்ணையில், அவள் சுட்ட ஸ்கோன் ரொட்டியை வாயில் அடைத்துக்கொண்டே சொன்னார். தேநீரையும் பெரிய குவளையில் மூன்று தடவை வாங்கிக் குடித்தார். அவருடைய டாக்டர் பட்டம் ஓட்டல் வரவேற்பறை விளக்குகளை ஆராய்ந்து வாங்கியது. அதனாலென்ன, கோழியும் ஒரு விருந்தாளிதானே என்றார்.

அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அன்று உதட்டுச் சாயம்கூடப் பூசியிருந்தாள். கொட்டகை முழுக்க, அந்தியைப் போல மெல்ல மங்கும் அவருடைய விளக்குகளைத்தான் மாட்டியிருந்தாள்; அவற்றைப் படமெடுத்து இணையத்தில் போட்டால் பெரிய அங்காடிக்காரர்கள் அவள் முட்டையைத் தேடி வருவார்கள் என்று அவர் சொல்லியிருந்தார். இருந்தாலும் மேசைக்கடியில் அவள் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

காரணம் கொட்டகையில் இருந்த கோழிகள். எல்லாம் இன்னும் முட்டையிடத் தொடங்காத வெடைக்கோழிகள்; வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. வளர்ந்த இடத்தில் தரையிலேயே தூங்கியவை. இங்கே தட்டுத் தட்டாகப் பரண், உச்சியில் தூங்குகிற கம்பு. கீழ்விளக்கு முதலில் மங்கி, உச்சி விளக்கு கடைசியில் மங்கினால், வெளிச்சத்தைத் தேடிச் சிலது ஏறும். மிச்சத்தை அக்காவும் நானும் கையால் தூக்கி வைப்போம். கடைசி வெளிச்சம் தப்பான இடத்தில் தங்கிவிட்டால், எல்லாம் அங்கே ஓடி ஒன்றின்மேல் ஒன்று குவியும். அடியில் கிடப்பவை மூச்சு முட்டிச் சாகும். போன தடவை அப்படி ஒரு குவியலை வண்டியில் அள்ளிக்கொண்டு போய்ப் புதைத்தோம். அன்றிலிருந்து பொழுது சாயும்போது அக்காவால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை.

கொட்டகைக்குள் வந்ததும், கீழிருந்து மேலாக மங்குவது படத்தில் எடுபடாது என்றார் டாக்டர். எல்லா விளக்கும் ஒன்றாக மங்க வேண்டும். சூழ்ந்த இருளில் அவர் முகம் மட்டும் ஒளிர வேண்டும். அதற்கென்றே ஒரு செல்ஃபி கோல், அதில் கைபேசி, கைபேசியைச் சுற்றி ஒரு வளைய விளக்கு.

"வேணாம் டாக்டரே, இதுங்களுக்கு இன்னும் பரணே பழகல," என்றாள் அக்கா.

"ரேலீன், நான் கோழியோட கண்ணால உலகத்தப் பாக்கிறவன்."

அக்கா ஓரமாக ஒதுங்கி வழிவிட்டாள். அங்காடிக்காரர்கள் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும்.

அவர் கைபேசியைத் தட்டினார். கொட்டகை இருண்டது. பறவைகளின் பேரமைதியை இப்போது காணப்போகிறீர்கள் என்று படத்துக்குப் பேச ஆரம்பித்தார்.

பேரமைதி தரையில் பரப்பிய உமியை நகங்களால் பிறாண்டிக்கொண்டு வந்தது. முதலில் ஒரு கோழி திரும்பியது, பிறகு பத்து, பிறகு கொட்டகையே திரும்பியது. அவற்றுக்கு உலகத்தில் மிச்சமிருந்த ஒரே வெளிச்சம் டாக்டரின் முகம். அவர் மூலைக்குப் பின்வாங்கினார். குவியலும் கூடவே போய் அவர் முழங்கால் அளவுக்கு எழும்பியது. அக்கா அடியில் கைவிட்டுக் கோழிகளை இழுத்து இழுத்து அப்பால் எறிந்தாள். எறிந்தவை எழுந்து திரும்பவும் ஓடி வந்தன.

"வெளக்கப் போடுய்யா!"

விளக்கு போடும் வித்தை கைபேசிக்குள் இருந்தது. கைபேசி கோலின் நுனியில் இருந்தது. கோலை இறுகப் பிடித்திருந்தவருக்குக் காது கேட்கவில்லை. ஒரு கோழி தோளில் ஏறியதும், பறவைகளின் நண்பர் "கொத்துது, கொத்துது" என்று கத்திக்கொண்டு பரணைப் பற்றி ஏறினார்.

வெளிச்சம் ஏறியது. கோழிகளும் ஏறின. ஒரு வாரமாக நாங்கள் தூக்கித் தூக்கி வைத்தும் கீழேயே குதித்த சோம்பேறிகள், தட்டுக்குத் தட்டு தாவி உச்சிக் கம்புக்குப் போயின. மூலை காலியானது. அடியில் நசுங்கிக் கிடந்தவை தலையை உதறிக்கொண்டு எழுந்தன. அக்கா ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்; ஒன்றுகூடச் சாகவில்லை.

டாக்டர் இறங்குவதற்குக் காலை நீட்டினார்.

"எறங்குனீங்க, அந்தக் கால ஒடிச்சுடுவேன்," என்றாள் அக்கா, கோழி மிரளாத தணிந்த குரலில். "வெளக்கோட அங்கயே உக்காருங்க. எல்லாம் அசந்து தூங்கட்டும்."

"எவ்ளோ நேரம் ஆகும்?"

"கோழியோட கண்ணால பாத்து நீங்களே சொல்லுங்க."

உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் கோழிகள் அணைந்து உட்கார்ந்தன; ஒன்று தலைமேல். மெல்ல மெல்ல அவை அடங்கின. அவர்தான் அடங்கவில்லை. தொடையை இடுக்கினார், நெளிந்தார், பல்லைக் கடித்தார். அவர் நெளியும்போதெல்லாம் கீழேயிருந்து அக்கா "உஸ்ஸ்" என்றாள்.

கடைசிக் கோழியும் கண்ணை மூடிய பிறகு ஏணியைச் சாத்தி அவரை இறக்கினேன். கோட்டு முழுக்கக் கோழி எச்சம். கால்சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. அதைச் செய்தது கோழிகள் அல்ல.