அறுபத்திரண்டு யார்ட்

நிருஜா அப்பாவின் கன்னத்தை விரலால் மெல்ல விலக்கி, நாக்கின் அடியில் கால் மில்லி மோர்ஃபினை விட்டாள். விழுங்குகிறாரா என்று தொண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் நீராவி சீறியது. திரும்பிப் பார்த்தாள். அம்மா சாப்பாட்டு மேசையில் துவாயை விரித்து, அப்பாவின் பட்டு வேட்டியை அயன் பண்ணிக்கொண்டிருந்தாள்.

அப்பா அதைக் கடைசியாகக் கட்டியது நிருஜாவின் கலியாணத்துக்கு. இன்றைக்கு எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அம்மா கரையை இழுத்து நேராக்கி, ஒருமுறை அழுத்திவிட்டு அடுத்த மடிப்புக்குப் போனாள்.

சனிக்கிழமை, பகல் இரண்டரை மணி. ஹூஸ்டனுக்குப் பக்கத்தில், கேட்டி நகரில் காலையிலிருந்து இலை அசையவில்லை. தெற்கே வானம் ஈயநிறத்தில் கிடந்தது. கடைசிக்காலப் பராமரிப்புக்குக் காலையில் வந்த ஹாஸ்பிஸ் நர்ஸ் போர்வையைத் தூக்கி அப்பாவின் முழங்கால்களைப் பார்த்தாள். தோலில் ஊதா நிறத் திட்டுகள். போகும்போது வாசலில் நின்று, இனி நாட்கணக்கு இல்லை, மணிக்கணக்குத்தான் என்றாள்.

"தம்பிக்குச் சொல்லுவமே அம்மா?" என்று நிருஜா அப்போதே கேட்டாள்.

"அப்பா என்ன சொன்னவர் எண்டு உனக்குத் தெரியும்தானே."

தெரியும். குரல் இருந்தபோது, இரண்டு கிழமைக்கு முன், அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "மட்ச் இருக்கிற நாளில அவனுக்கு ஒண்டும் சொல்லப்படாது. முடிஞ்சாப்பிறகு சொல்லு."

கணையத்தில் புற்றுநோய் என்று ஜூன் மாதம் தெரிந்தபோதும் தம்பி கஜனிடம் வயிற்றுப் புண் என்றுதான் சொல்லியிருந்தார்கள். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

கஜன் கனடாவில் ஃபுட்போல், பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் ஆட்டம், விளையாடுபவன். அங்கே பத்து யார்ட் முன்னேற ஒரு அணிக்கு மூன்று வாய்ப்பு. முதல் இரண்டு வாய்ப்பிலும் முடியாமற்போனால், பந்தைக் கையிலிருந்து விட்டு, அது நிலத்தில் படுமுன் உதைத்து, எதிரணியைத் தூரத்துக்குத் துரத்த ஒருவன் உள்ளே வருவான். அவனுக்குப் பண்டர் என்று பெயர். கஜன் அந்த வேலையைப் பதினொரு வருடம், நான்கு அணிகளுக்குச் செய்தவன். "மற்றவையள் எல்லாம் தோத்தாப்பிறகுதான் என்ர பிள்ளையைக் கூப்பிடுவினம்" என்று அம்மா சொல்வாள். அதில் பெருமையா கவலையா என்று கண்டுபிடிக்க முடியாது.

அவன் பிறந்தது ஸ்காபரோவில். ஆறு வயதில் அப்பாவுக்கு ஹூஸ்டனில் எண்ணெய் சுத்திகரிப்பு வேலை கிடைத்துக் குடும்பம் டெக்சாஸ் வந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் சொக்கர் உதைபந்தை வேலிக்கு மேலால் அடித்துக்கொண்டிருந்தவனை ஒரு பயிற்சியாளர் கண்டுபிடித்தார். அமெரிக்க அணிகள் இரண்டு கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பின. கனடாவில் பிறந்த சான்றிதழ்தான் கடைசியில் கை கொடுத்தது. அங்கே ஒவ்வொரு அணியும் குறிப்பிட்ட அளவு கனடியரை வைத்திருக்க வேண்டும்.

ஆறு வருடத்துக்கு முன் அப்பாவுக்கு பைபாஸ் நடந்தது. கஜன் இரண்டு ஆட்டத்தை விட்டுவிட்டு ஓடி வந்தான். திரும்பிப் போனபோது அவனுடைய இடத்தில் இன்னொருவன் இருந்தான். அடுத்த அணி கிடைக்க ஒரு வருடமும் நான்கு மாதமும் ஆனது. அந்தக் காலம் முழுக்க அவன் இந்த வீட்டு மேல்மாடியில் இருந்தான். சாப்பிடக் கூப்பிட்டால் இறங்குவான். ஒருநாள் கராஜில் காருக்குள் எஞ்சின் போடாமல் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தான். "இன்னொருக்கா இப்பிடி நடந்தா நான் என்ன செய்வன் எண்டு எனக்கே தெரியாது அக்கா" என்றான். அப்பா கதவுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டுவிட்டார்.

இன்று காலை அவள் அனுப்பிய செய்தி: "கேம் முடிஞ்ச உடனே எனக்கு போன் எடு." அவன் பதில்: "ஓகே அக்கா." வழக்கமாகப் பின்னால் ஒரு பகிடி வரும். இன்றைக்கு வரவில்லை.

மூன்று மணிக்கு டிவியைப் போட்டாள். அப்பாவின் கட்டில் முன்னறையில்தான் இருந்தது. கண் பாதி மூடியிருந்தாலும் மைதானத்து இரைச்சல் கேட்டதும் அவருடைய விரல்கள் போர்வைமேல் அசைந்தன.

கஜனின் அணிக்கு முதல் வாய்ப்பு போனது. இரண்டாவதும் போனது. பண்டர் உள்ளே வந்தான்.

முதுகில் கஜனின் இலக்கம் இல்லை. பொன்னிற முடி ஹெல்மெட்டுக்குக் கீழே தொங்கியது. இடது காலால் அடித்தான்.

அம்மா அயன்பெட்டியைக் கையில் வைத்தபடியே டிவியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அடிச்சவனோ?" அப்பாவின் குரல் காய்ந்த ஓலைபோல வந்தது.

"ஓமப்பா. அடிச்சவன்."

"எவ்வளவு?"

"அறுபத்திரண்டு யார்ட்."

இரண்டு மூச்சு இழுத்தார். பிறகு, "காத்து?"

"எதிர்க்காத்து அப்பா."

"எதிர்க்காத்திலயோ." உதடு ஒரு பக்கம் இழுபட்டது. அது சிரிப்பு என்று அவளுக்குத் தெரிந்தது.

துணி துவைக்கும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு போன் எடுத்தாள். நாலு தரம் மணி அடித்துவிட்டுப் பதிவுக்குரல் வந்தது. மறுபடி எடுத்தாள். மறுபடி அதே. காயமாக இருக்கும் என்று நினைத்து அணியின் இணையப் பக்கத்தைத் தேடினாள். வியாழக்கிழமை போட்ட அறிவிப்பு. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒருவனைச் சேர்த்திருக்கிறார்கள். கீழே, விடுவிக்கப்பட்டவர்கள் என்று மூன்று பெயர். இரண்டாவது அவனுடையது.

வியாழக்கிழமை. இன்று சனி. இரண்டு நாள் அவன் எங்கே, யாரோடு இருக்கிறான்? தனியாக ஒரு பேஸ்மென்டில் வாடகைக்கு இருப்பவன். அவனுக்கு அங்கே யாரைத் தெரியும் என்று யோசித்தாள். ஒரு பெயரும் வரவில்லை. துணி உலர்த்தியின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள். கராஜில் நின்ற அந்தக் கார் நினைவுக்கு வந்தது. அதை நினைக்கக் கூடாது என்று தலையை உதறினாள்.

வெளியே வந்தபோது அம்மா கேட்டாள், சத்தமில்லாமல், "அவன் ஏன் விளையாடேல்லை?"

"தெரியாதம்மா."

"உனக்குத் தெரியும் பிள்ளை. உன்ர முகத்தில தெரியுது."

"பிறகு சொல்றன்."

அம்மா வேட்டியை நாலாக மடித்துக் கதிரையில் வைத்தாள்.

அந்தப் பொன்முடிக்காரன் உள்ளே வந்தபோதெல்லாம் நிருஜா அப்பாவின் காதருகே குனிந்தாள். ஐம்பது என்றாள். நாற்பத்தெட்டு, ஆனால் மூலைக்குள் விழுந்தது என்றாள். அப்பாவின் மூச்சு நின்று நின்று வந்தது. நிற்கும் நேரம் நீண்டுகொண்டே போனது. ஒவ்வொரு இடைவெளியிலும் அவள் போனைப் பார்த்தாள். ஒன்றுமில்லை. ஒரு பக்கம் கண்முன்னே ஒருவர் போய்க்கொண்டிருக்கிறார், மற்றப் பக்கம் இன்னொருவன் இருக்கிறானா என்றே தெரியவில்லை. எதற்குப் பயப்படுவது என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"திரும்பவும் வாறான் அப்பா. அடிக்கப்போறான்."

அப்பா ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த மூச்சுக்காக அவள் காத்திருந்தாள். டிவியில் முப்பதினாயிரம் பேர் எழுந்து கத்தினார்கள். அம்மா ரிமோட்டை எடுத்து அதை நிறுத்தினாள். பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, உள்ளங்கையால் அவருடைய கண்களை மூடி, அந்தக் கையை அங்கேயே வைத்திருந்தாள்.

நான்கு ஐம்பது.

நிருஜா ஹாஸ்பிஸுக்குச் சொன்னாள். ஒரு மணி நேரத்தில் ஆள் வரும் என்றார்கள். பிறகு தம்பிக்கு எடுத்தாள். இந்த முறை மணியே அடிக்கவில்லை. போன் அணைக்கப்பட்டிருந்தது.

ஐந்தே முக்காலுக்கு வாசலில் கார்ச் சத்தம் கேட்டது. வரச் சொன்ன ஆட்கள் என்று நினைத்துக் கதவைத் திறந்தாள். தூசியும் செத்த பூச்சியும் அப்பிய ஒரு நீலக் கார், கனடா நம்பர் பிளேட். பின்சீற்றில் பைகளும் தலையணையும் கூரை வரைக்கும். கஜன் நான்கு நாள் தாடியோடு இறங்கினான். உயிரோடு நின்றான். அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"கத்தாதை அக்கா, முதல் நான் சொல்லி முடிக்கிறன்." வழியெல்லாம் சொல்லிப் பழகியதுபோல வந்தது. "என்னை ரிலீஸ் பண்ணிட்டாங்கள், வியாழக்கிழமை. போனில சொல்ல ஏலாது, அதான் ட்ரைவ் பண்ணி வந்தனான். நீ எடுக்க எடுக்கப் பாத்துக்கொண்டுதான் இருந்தனான். டிவியில பாத்திருப்பியள் எண்டு தெரியும். பிறகு ஆஃப் பண்ணிட்டன். ஐ ஆம் ஓகே. சத்தியமா. அப்பாவுக்கு நானே சொல்றன், நீ ஒண்டும் சொல்லாதை."



அவன் அவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தான். "கேம் இன்னும் முடியேல்லையே. ஏன் டிவி போடேல்லை?"

"கஜன்."

"வயித்துப் புண் எண்டுதானே சொன்னனீங்கள்?"

அவன் சப்பாத்தைக் கழற்றாமலே உள்ளே போனான். கட்டிலைக் கண்டதும் நின்றான். அம்மா ஒரு கையை அப்பாவின் நெற்றியிலிருந்து எடுக்காமல், மற்றக் கையை அவனை நோக்கி நீட்டினாள். அவன் அதைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்தான். ஆறடி இரண்டு அங்குல உடம்பு, எங்கே மடிப்பது என்று தெரியாமல் மடிந்தது.

நிலத்தைப் பார்த்தபடியே கேட்டான்.

"கேம் பாத்தவரோ?"

"கேட்டுக்கொண்டிருந்தவர்."

"அப்ப அவருக்குத் தெரியும்."

"இல்லை," என்றாள் நிருஜா. "நீ அடிச்சனீ எண்டு சொன்னனான்."

அவன் நிமிர்ந்தான். "எவ்வளவு?"

"அறுபத்திரண்டு. எதிர்க்காத்து."

கஜனின் வலது கால், பந்தை உதைக்கும் கால், கட்டிலுக்கு அடியில் நீண்டு கிடந்தது. அம்மா அவன் தலையைத் தன் பக்கம் இழுத்தாள்.

வெளியே, புல்லுக்குத் தண்ணீர் விட நேரம் வைத்திருந்த ஸ்பிரிங்க்ளர் தானாகத் தொடங்கியது. நிருஜா ஜன்னலால் பார்த்தாள். தண்ணீர் புல்லைச் சுற்றி வந்து, டிரைவ்வேயைத் தாண்டி, காரின் திறந்திருந்த கண்ணாடி வழியே உள்ளே அடித்தது. ஓட்டுநர் சீற்றில், ஒரு காகிதப் பையில், பிறகு மறுபடி புல்லில். போய்க் கண்ணாடியை மூடலாம். அவள் அங்கேயே நின்று, அது இன்னொரு சுற்று வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.