கறுப்புப் பெல்ட்டு

“பெத்த மகளுக்கு வந்த நல்லதக் கெடுக்கீகளே, நீங்க மனுசந்தானா?”

சோலையம்மாளின் குரல் விஸ்வநத்தம் தெருவில் ஏழு வீடு தாண்டிக் கேட்டது. எட்டாவது வீட்டுக்காரிக்குப் பொறுக்குமா? இந்த வாசலில் வந்து நின்று முருங்கைக்கீரை ஆய்ந்தாள்.

“கத்தாதடி. முனியராஜ் நல்ல பய. அவனுக்கு ஃபோர்மேன் வேல வேண்டாங்கேன், அம்புட்டுதான்,” என்றார் இருளாண்டி.

“ஃபோர்மேன் மாப்பிள்ள கெடைக்காதான்னு ஊரே அலையுது! உங்களுக்குக் கசக்குதோ?”

அலைந்தது நிஜம்தான். முனியராஜ் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேனுக்குத் தனி நாற்காலி, கையில் விசில், முதலாளி வாயால் ‘அண்ணாச்சி’. அரசாங்கக் காகிதத்தில் பொறுப்பாளர் என்று கையெழுத்துப் போடுவதும் அவர்தான். நாலு பேர் இருக்கவேண்டிய அறையில் எட்டுப் பேரை உட்காரவைக்கச் சொன்னது முதலாளி, வைத்தது அப்போது ஃபோர்மேனாக இருந்த இருளாண்டி. அறை வெடித்தபோது போலீஸ் கையெழுத்தைத் தேடி வந்தது. முதலாளி கொடைக்கானலில் இருந்தார். இருளாண்டி ஐந்து வருஷம் உள்ளே கிடந்து, இரண்டாயிரத்தாறு பங்குனியில்தான் திரும்பியிருந்தார்.

“ஜெயில்ல கைதிய மேய்க்கிறது யாருன்னு நெனைக்க? இன்னொரு கைதி. வாய் பேசாம இருந்தா இடுப்புல ஒரு கறுப்புப் பெல்ட்டக் கட்டிவிடுவாக. பெறகு அவந்தான் தல எண்ணணும், அவந்தான் அடிக்கணும். ஆபீசருக கையில அழுக்குப் படாது. எனக்கும் கட்டினாக. நானும் அடிச்சேன். கம்பெனியும் அதேதான்டி.”

சோலையம்மாள் கிட்டே வந்து உட்கார்ந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: “அங்கனயும் உங்களுக்குப் பதவிதானா?”

பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கச் செய்தி: இருளாண்டி ஜெயிலுக்கே ஃபோர்மேனாம்.

அவர் நேரே முனியராஜைத் தேடிப் போனார். “ஏலே, எதுலயும் கையெழுத்துப் போட்டுராத.”

“நேத்தே போட்டாச்சு மாமா.”

“வாசிச்சியா?”

“மொதலாளி நம்மள நம்பி நீட்டுதாக. அவுக முன்னால வாசிச்சுப் பாத்தா மரியாதையா இருக்குமா?”

இருளாண்டியும் கையெழுத்துப் போட்ட காலத்தில் மரியாதைக்காரராகத்தான் இருந்தார்.

மகள் செல்வலட்சுமிக்கு வைகாசியில் கல்யாணம். முதலாளி காரில் வந்து வாழ்த்தினார். சோலையம்மாள் அதை ஒரு வருஷம் சொன்னாள். மூன்றாவது தீபாவளி சீசனில், ஆர்டர் நெருக்கத்தில், இன்னோர் அறை வெடித்தது. முதலாளி இந்தத் தடவை குடும்பத்தோடு சென்னைக்கே குடிபோய்விட்டார். செல்வலட்சுமி கைப்பிள்ளையோடு காரியாபட்டிக்குப் போய் ஒரு தையல்கடையில் சேர்ந்தாள். மாதமொரு முறை ஜெயிலில் புருஷனைப் பார்க்கப் போவாள். மனு எங்கே எழுதுவது, எந்த வாசலில் நிற்பது என்றெல்லாம் சொல்லிக்கொடுக்க அப்பன் கூடவே போவார்.

விசாரிப்பவர்களிடம் சோலையம்மாள் தலை குனிவதில்லை. மருமகனுக்கும் கூடிய சீக்கிரம் பெல்ட்டு வந்துவிடுமாம்.