இடதுபக்கம் போகும் விமானங்கள்

விமான நிலைய டவரில் அவருக்கு வாத்தியார் என்று பெயர். பிரம்பும் கிடையாது, பாடமும் கிடையாது. கிளம்பப் போகிற விமானங்களுக்கு எந்த வழியாக ஏற வேண்டும், எந்த உயரத்தில் நிற்க வேண்டும், ராடாரில் தெரிய என்ன எண்ணைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று ரேடியோவில் சொல்வதுதான் அவர் வேலை. சொன்னதை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். விமானி வாய்க்குள் முணுமுணுத்தால்கூடப் புரிந்துவிட்டது என்று சிலர் விட்டுவிடுவார்கள். இவர் விடமாட்டார். ஒரு எண் தேய்ந்து ஒலித்தாலும் மறுபடி சொல்லுங்கள் என்பார். முப்பது வருஷம் பறந்த கேப்டனாக இருந்தாலும் அவரிடம் ஒப்பிக்காமல் தப்ப முடியாது. அப்படி வந்த பெயர்.

மனைவி இறந்து மூன்று வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினார். திரும்புவதற்கு முன் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பது விதி. டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார், தூக்கம் எப்படி என்று கேட்டார், மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் நன்றாக இருக்கிறது என்று இவர் சொன்னார். அதில் பொய் இல்லை. உள்ளே ஒன்றுமே இல்லாதபோது வேறு என்னவென்று சொல்வது? ஒரே பக்கமாகப் படுத்திருந்து எழுந்தால் கை மரத்துக் கிடக்குமே, அது மாதிரி ஆள் முழுக்க மரத்துக் கிடந்தார். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். அவர்கள் அழுதபோது கைக்குட்டை கொடுத்தார். இவர் மட்டும் ஒரு பாட்டம் அழவில்லை என்று சொந்தக்காரர்களுக்குக் குறை. அவருக்கு அதுவும் உறைக்கவில்லை.

உறைத்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். அவளுக்காக ஒரு காரியம் செய்தோம், உருப்படியாகச் செய்தோம் என்கிற நினைப்பு. காலையில் எழுந்து பல் தேய்ப்பதற்கு அந்த நினைப்புதான் கைகொடுத்தது.

காரியம் இதுதான். வடக்கே போகிற விமானங்களுக்கு அந்த விமான நிலையத்தில் இரண்டு வழி. ஓடுபாதையை விட்டு மேலே எழும்பியதும் இடதுபக்கம் வளைந்து ஏறுவதற்கு கோலிட் என்று பெயர். வலதுபக்கம் வளைவதற்கு நெவார். எந்த மொழியிலும் அர்த்தமில்லாத பெயர்கள். ஒன்றோடு ஒன்று குழம்பாமல் இருந்தால் போதும் என்று நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வைத்தவை. நெவார் ஆற்றுக்கும் கிடங்குகளுக்கும் மேலே போகும். கோலிட் குடியிருப்புகளுக்கு மேலே போகும். அந்தக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கு நேர் கீழே அவர் வீடு. ஒன்று இடது, அடுத்தது வலது என்று மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும் என்பது முறை. அப்படிக் கொடுத்தால் முன்னது விலகிப் போய்விடும், பின்னது ஒரு நிமிஷத்தில் கிளம்பலாம். எல்லாவற்றையும் ஒரே பக்கம் அனுப்பினால் இரண்டு நிமிஷத்துக்கு மேல் இடைவெளி விட வேண்டும். மத்தியானக் கூட்டத்தில் அந்த ஒரு நிமிஷம் சேர்ந்து சேர்ந்து, கடைசி விமானம் கால் மணி நேரம் காத்துக் கிடக்கும்.

அந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்தே அவளுக்கு விமானம் என்றால் ஒரு புலம்பல். விமானம் என்று கூடச் சொல்லமாட்டாள். உங்க ப்ளேன் என்பாள், ஏதோ இவர் சொந்தமாக வாங்கி விட்ட மாதிரி. உங்க ப்ளேன் கொடியில காயற துணி மேலயே போகுது. உங்க ப்ளேன் போய்த் தொலையட்டும், அப்புறம் பேசுங்க. ஒவ்வொரு தடவையும் கண்ணாடி அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடு ஒன்று மோதிக் கிணுகிணுக்கும். இருபத்திரண்டு வருஷம் இந்தப் புலம்பலைக் கேட்டும் கேட்காதவர் போல இருந்துவிட்டார்.

இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிய இரண்டாம் நாள், கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மத்தியானம் இரண்டு மணிக்கு மாத்திரை போட்டு அவள் தூங்க வேண்டிய நேரம். தலைக்கு மேல் ஒன்று போனது. அவள் கண்ணை மூடினாள், நெற்றி சுருங்கியது. அவ்வளவுதான் பார்த்தார். மறுநாள் சீட்டில் உட்கார்ந்ததும், இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை வடக்கே போன அத்தனைக்கும் நெவார் கொடுத்தார். அதற்கடுத்த நாளும். ஐந்து வாரம் அவர் வீட்டுக்கு மேலே மத்தியான வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, அவளிடமும் சொல்லவில்லை. தூங்குகிறவளை எழுப்பி உனக்காகத்தான் என்று சொல்வானேன் என்று நினைத்தார்.

ஆக, வேலைக்குத் திரும்பிய முதல் நாள் மத்தியானம் என்ன செய்திருக்க வேண்டும்? பழையபடி மாற்றி மாற்றிக் கொடுத்திருக்க வேண்டும். தூங்குவதற்கு அந்த வீட்டில் யாரும் இல்லை. ஆனால் இரண்டு மணி அடித்ததும் வாய் தானாக நெவார் என்றது. அடுத்ததுக்கும் நெவார். கோலிட் என்று சொல்ல வாயைத் திறந்தால் தொண்டையிலேயே நின்றுவிட்டது. மற்றதெல்லாம், உயரம், எண், காற்றழுத்தம், நூல் பிடித்தாற்போல வந்தது. அந்த ஒரு பெயர் மட்டும் வரவில்லை.

நாலு நாள் பார்த்துவிட்டு ஐந்தாம் நாள் ஷிஃப்ட் சூப்பர்வைசர் அவரைக் காபி மெஷின் பக்கம் கூப்பிட்டாள். இவரைவிடப் பத்து வயது சின்னவள். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. கையில் இருந்த தாளை அவரிடம் கொடுத்தாள். இரண்டிலிருந்து நாலு வரை வடக்கே போனவை, நெவார் பதினெட்டு, கோலிட் சைபர். இன்றைக்கு மட்டும்.

"அந்த அஞ்சு வாரமும் எனக்குத் தெரியும் சார். வேணும்னுதான் கண்டுக்காம இருந்தேன். அப்ப அது நியாயம். இப்ப அங்க யாரு இருக்கா?"

யாரும் இல்லை என்றார்.

"மேல இருந்து கேட்டுட்டாங்க, மத்தியானம் மட்டும் ஏன் இவ்வளவு லேட்டுன்னு. நாளைக்கு மாத்திக் குடுங்க. முடியலைன்னா சொல்லுங்க, தப்பே இல்ல. சீட்ல இருந்து எடுத்துடறேன். ஒரு மூணு மாசம் வீட்ல ரெஸ்ட் எடுங்க."

மூன்று மாதம் வீட்டில் என்றதும் முதன்முறையாக அவருக்கு உள்ளே ஏதோ அசைந்தது. பயம். அந்தக் கட்டில், அந்த அலமாரி, அந்தத் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே மூன்று மாதம். நாளைக்குப் பார்க்கிறேன் மேடம் என்றார். முடியும் என்று சொல்லவில்லை, அவளும் அதைக் கவனித்துக்கொண்டாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் கதவு திறந்திருந்தது. மச்சினி வந்திருந்தாள், மனைவியின் தங்கை. கடைசி ஐந்து வாரமும் பகல் முழுக்கக் கூட இருந்து பார்த்துக்கொண்டவள் அவள்தான். துணிமணிகளைப் பிரித்துக் கட்ட வந்திருக்கிறாள். இவரால் அந்த பீரோவைத் திறக்க முடியாது என்று அவளாகவே முடிவு செய்துவிட்டாள், அவள் நினைத்தது சரியும்தான். இரண்டு பைகள் நிறைந்து வாசல் பக்கம் இருந்தன. அலமாரியிலிருந்து டம்ளர்களை எடுத்துப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அதை ஏன் எடுக்கிறாய் என்று கேட்டார். தனி ஆளுக்கு எதற்குப் பன்னிரண்டு டம்ளர், தூசிதான் படியும் என்றாள். சரி என்று செருப்பைக் கழற்றினார். அப்போது ஒன்று தலைக்கு மேல் போனது. நாலு மணி தாண்டிவிட்டால் சீட் வேறொருவருக்கு, கோலிட் பழையபடி வரும். அலமாரியில் மிச்சமிருந்த டம்ளர்கள் கிணுகிணுத்தன. மச்சினி கையில் இருந்ததை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள்.

"இந்தச் சத்தத்துக்காக அக்கா எப்படிக் காத்துக் கிடந்தா தெரியுமா மாமா."

அவருக்குப் புரியவில்லை. அவளுக்கு இந்தச் சத்தம் பிடிக்காதே என்றார்.

"யார் சொன்னா? சும்மா உங்களை வம்புக்கு இழுக்கச் சொல்றது அது. ரெண்டு மணி ஆனா கடிகாரத்தைப் பார்ப்பா. உங்க மாமா சீட்ல உக்காந்துட்டார்டீ, இப்ப அனுப்புவார் பாருன்னு சொல்லுவா. ஒண்ணு போனா கண்ணை மூடிக்கிட்டு எண்ணுவா. அஞ்சு, ஆறு எண்ணுறதுக்குள்ள தூக்கம் வந்துடும். இன்னிக்கு நேத்தா? கல்யாணமாகி வந்ததுல இருந்து அப்படித்தானாம். என்கிட்டயே இப்பத்தான் சொன்னா."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். செருப்பு ஒரு காலில் இருந்தது.

மச்சினி டம்ளரைச் சுற்றிக்கொண்டே பேசினாள். இவர் முகத்தை அவள் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் நிறுத்தியிருப்பாள். வீட்டுக்கு வந்த இரண்டு நாள் கழித்து மத்தியானத்தில் விமானம் வருவது நின்றுவிட்டதாம். காற்று மாறியிருக்கும் என்று இவள் ஒரு சமாதானம் சொன்னாளாம். அக்கா நம்பவில்லை. காற்று மாறினால் விமானம் எந்தப் பக்கம் போகும் என்று இருபது வருஷம் கேட்டுக் கேட்டு அவளுக்கும் தெரியும். மத்தியானம் தூங்கவே இல்லை. விட்டத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பாளாம்.

"உங்களுக்கு வேலையில ஏதோ சிக்கல், சீட்ல இருந்து எடுத்துட்டாங்கன்னு நினைச்சுட்டா. அவர் சீட்ல இருந்தா ஒண்ணாவது இந்தப் பக்கம் வராம இருக்காதுன்னு சொல்லுவா. என்னைப் பார்த்துக்கற கவலையில ஏதோ தப்புப் பண்ணிட்டார் போலன்னு ஒரே அழுகை. மாமாகிட்ட கேட்டுடவான்னேன். வேண்டாம்டீ, அவரா சொல்ற வரைக்கும் கேக்காத, அவருக்கு அவமானமா இருக்கும்னா. அதான் நானும் கேக்கல."

இந்த மனிதரை என்ன சொல்வது? ஊர் பேர் தெரியாத விமானி ஒரு எண்ணை விழுங்கினால் மறுபடி சொல்லுங்கள், மறுபடி சொல்லுங்கள் என்று உயிரை வாங்குகிறவர். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, சத்தம் தொந்தரவா இருக்கா என்று நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டுவிட்டு அவள் வாயால் பதில் வாங்கியிருக்கலாம். ஒரு நெற்றிச் சுருக்கத்தைப் பார்த்துவிட்டு ஐந்து வாரம் அவள் வானத்தையே காலி செய்துவிட்டார். அவளும் அப்படித்தான். இவருக்கு அவமானம் என்று வாயை மூடிக்கொண்டாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட லட்சணம் இது.

அவர் அழவில்லை. டம்ளர்களை மட்டும் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போ என்றார். மச்சினி ஒரு கணம் பார்த்தாள். சுற்றிய காகிதங்களைப் பிரித்து, பன்னிரண்டையும் முன்பிருந்தபடியே ஒட்டி ஒட்டி அடுக்கிவிட்டுப் போனாள்.

மறுநாள் இரண்டு மணிக்கு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டார். சூப்பர்வைசர் பின்னால் நின்றிருந்தாள். வடக்கே போகிற முதல் விமானம் அனுமதி கேட்டது. வாயைத் திறந்தார், கோலிட் என்று வந்தது. தொண்டையில் எதுவும் தடுக்கவில்லை. விமானி, பெண் குரல், தெளிவாகத் திருப்பிச் சொன்னாள், ஒரு எண்கூடத் தேயவில்லை. ஆனாலும் மறுபடி சொல்லுங்கள் என்றார். அவள் கொஞ்சம் தயங்கிவிட்டு மறுபடி சொன்னாள். கோலிட். சரி என்றார்.

பின்னால் சூப்பர்வைசர் மூச்சை விட்டது கேட்டது.

இரண்டாவது விமானத்துக்கும் கோலிட் கொடுத்தார். மூன்றாவதுக்கும். நாலாவதுக்குக் கொடுத்தபோது பக்கத்து சீட்காரர் திரும்பிப் பார்த்தார். ஓடுபாதை முனையில் வரிசை நீள ஆரம்பித்தது. முதல் விமானம் எழும்பி இடதுபக்கம் வளைந்தது, இரண்டு நிமிஷம் விட்டு அடுத்தது, அதற்குப் பின்னால் அடுத்தது, எல்லாம் அந்தத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து. அவர் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. உதடு மட்டும் அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தார். ஐந்தாவதுக்கும் கொடுத்தார்.

ஆறாவது விமானம் கூப்பிட்டபோது நாற்காலியின் முதுகில் சூப்பர்வைசரின் கை வந்து பதிந்தது.

"வீட்ல யாராவது இருக்காங்களா வாத்தியாரே?" என்று மெதுவாகக் கேட்டாள். அவளுக்கு மச்சினி சொன்ன கதை தெரியாது. ஆனால் கேட்ட விதத்தில் பாதி தெரிந்த மாதிரி இருந்தது.

"இல்ல மேடம்."

"அப்ப மாத்திக் குடுங்க."

ரேடியோவில் விமானி இரண்டாம் முறை கூப்பிட்டார். வாத்தியார் பொத்தானை அழுத்தினார், நெவார் கொடுத்தார், உயரம் கொடுத்தார், எண் கொடுத்தார். விமானி திருப்பிச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது. சரி என்று சொல்லிவிட்டு அடுத்ததுக்குக் கோலிட் எழுதிக்கொண்டார்.