கையிருப்பு வேகம்

ஆண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கிற நாளில் திருமூர்த்தி இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவான். வெறும் வயிற்றோடு போகிறவர்கள் வள்ளியாத்தாளிடம் சீக்கிரம் விலையில் இறங்கிவிடுவார்கள். அவிநாசி ரோட்டில் பனியன் கம்பெனி நடத்தும் அந்த அம்மாள், ஜெர்மனியிலிருந்து சரக்கு வாங்க வந்த பையரிடம் ஒரு வார்த்தை ஆங்கிலம் பேசாமல், தலையை மட்டும் ஆட்டியே விலையை ஏற்றியவர் என்று ஊரில் பேச்சு.

"ஏனுங்க தம்பி, போன வருசமும் இதே சிரிப்போடதான் வந்தீங்க. ரிப்போர்ட் கேட்டா, நான் காப்பி குடிச்சு, டம்ளரக் கழுவிக் கவுத்தி வெச்சதுக்கப்புறந்தான் வருது. இந்த லட்சணத்துக்கு மறுக்கா ஒப்பந்தம் வேற போடோணுமா?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவன் இரண்டு வருஷமாகக் காத்திருந்தான்.

"இந்த வருசம் வேகம் நம்ம அன்பளிப்புங்க்கா. அஞ்சு நிமிசம் கம்ப்யூட்டரக் குடுங்க, போதும்."

அவன் அப்பா பனியன் வேஸ்ட் வியாபாரி. வியாபாரத்துக்கு உட்காரும்போது, கடைசியில் விட்டுக்கொடுக்க ஏதாவது ஒன்றைக் கையில் மறைத்து வைத்திருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. வாங்குகிறவன் எதையோ பிடுங்கிக்கொண்டோம் என்கிற முகத்தோடு எழுந்து போக வேண்டும். அப்போதுதான் அவன் திரும்பி வருவான். திருமூர்த்தி கம்ப்யூட்டர் படித்து, கம்பெனிகளுக்குத் திட்டமிடும் மென்பொருள் எழுதி விற்கத் தொடங்கியபோது அந்தக் கணக்கையும் கூடவே கொண்டுவந்தான். எந்த ஆர்டருக்கு எவ்வளவு நூல் வேண்டும், துணி சாயப்பட்டறையில் கிடக்கிறதா, பிரிண்டிங்கில் கிடக்கிறதா, சரக்கு எந்தத் தேதியில் கப்பலேறும் என்று சொல்வது அந்த மென்பொருளின் வேலை. குடோனில் எந்த லாட் எந்த அடுக்கில் என்று சீட்டு ஒட்டி வைத்தால் நேராகப் போய் எடுக்கலாம். ஒட்டாவிட்டால் ஒவ்வொரு மூட்டையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். தகவல்களுக்கும் அப்படி ஒரு சீட்டு உண்டு, இண்டெக்ஸ் என்பார்கள். அதை ஒட்டாமல் விட்டான். மறந்து விடவில்லை. ஒரே ஒரு வரி எழுதினால் ஒட்டிவிடலாம். பேரம் முற்றுகிற நாளில் எடுத்துக் கொடுக்கலாம் என்று வைத்திருந்தான்.

முதல் வருஷம் தகவல் மூட்டைகள் குறைவு, ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஆர்டர்கள் குவிந்தன. கம்ப்யூட்டர் முன்னால் வேல்விழி உட்கார்ந்திருந்தாள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்து, தையல் மெஷினில் ஆரம்பித்து, சாயங்கால வகுப்பில் டைப்பிங் படித்து அந்த நாற்காலிக்கு ஏறி வந்தவள். "சார், ரொம்ப சுத்துது சார்" என்று போனில் சொல்வாள். பார்க்கிறேன்மா என்பான் அவன். ஒருநாள் பையர் லைனில் காத்திருக்க, திரையில் மணல் கடிகாரம் கவிழ்ந்துகொண்டேயிருக்க, வள்ளியாத்தாள் கத்த, அவனை ஓடிவரச் சொன்னார்கள். அத்தனை பேர் முன்னால் அவன் வாயில் வந்தது இதுதான்: "கம்ப்யூட்டர் எக்ஸ்பிரஸ்தானுங்க்கா. ஓட்டற கை பாசஞ்சர்ல வந்த கை. ஸ்டேசன் ஸ்டேசனா நிக்குது."

ஆபீஸே சிரித்தது. வேல்விழியும் சிரித்தாள். அடுத்த வாரம் அவளைக் கீழே செக்கிங் டேபிளுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டான். ஒரு கேலிக்காகவா அனுப்புவார்கள், வேறு காரணம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். அப்படி நினைப்பது வசதியாகவும் இருந்தது.

இப்போது அந்த நாற்காலியில் வள்ளியாத்தாளின் அண்ணன் மகள் யாழினி. திருமூர்த்தி அவளை எழுப்பிவிட்டு அந்த ஒரு வரியைத் தட்டினான். வேலை பெரிதாகத் தெரிவதற்காக இன்னும் நாலைந்து ஜன்னல்களைத் திறந்து மூடினான். பிறகு யாழினி பட்டனை அமுக்கினாள். விரல் எடுப்பதற்குள் திரை நிறைந்துவிட்டது.

"அட! மறுக்கா அமுத்து கண்ணு."

மறுபடியும் வந்தது. வள்ளியாத்தாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அன்னைக்கே நீங்க சொன்னது சரிதானுங்க தம்பி. அந்தப் புள்ள கண்ட பக்கமெல்லாம் தட்டித் தட்டிக் கெடுத்து வெச்சிருக்கறா. என்னதான் பண்ணியிருந்தா?"

அவனுக்கு வாயிலேயே பதில் பிறக்கும் என்பார்கள். இப்போது பிறந்தது பாதி உண்மைதான்.

"அவ ஒண்ணும் பண்ணலீங்க்கா. டேட்டா நெறையச் சேந்துருச்சு, அவ்வளவுதான்."

"சேரட்டும்னு உட்டுட்டு உக்காந்திருந்தாளாக்கும். உங்களுக்கு இளகின மனசு, காட்டிக்குடுக்க மாட்டீங்க." அவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் பேனாவைத் தேடினார். "பேனா எங்கயோ போயிருச்சு. சித்தே இருங்க, மோர் வரும். ஊத்துக்குளி மோரு."

அந்த மோரைக் குடிக்க முடியாது என்று தோன்றியது. "வண்டிய நெழல்ல நிறுத்தீட்டு வந்தர்றனுங்க" என்று கீழே இறங்கினான்.

வாசலுக்குப் போக செக்கிங் டேபிளைத் தாண்டித்தான் போக வேண்டும். குழல்விளக்கின் கீழ் பெண்கள் வரிசையாக நின்று பனியனைப் புரட்டிப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். மோர் வாங்கப் போன ஆள் மேலே நடந்ததை அதற்குள் சொல்லிவிட்டுப் போயிருந்தார். வேல்விழி சின்னக் கத்தரியை வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"நான் கெடுத்து வச்சத நீங்க சரி பண்ணிட்டியளாமே, சார்?"

குரலில் குத்தல் ஏதாவது இருக்கிறதா என்று தேடினான். இருந்திருந்தால் சமாளித்திருப்பான்.

"என்ன தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லுங்க சார். காங்கேயம் ரோட்டுல ஒரு கம்பெனில கம்ப்யூட்டருக்குக் கேட்டிருக்கேன். அங்கயும் போயி அதையே செஞ்சிரப்பிடாதுல்லா."

பக்கத்தில் நின்றவள் ஏதோ சொல்லிச் சிரித்தாள். வேல்விழி சிரிக்கவில்லை. பாடம் கேட்கிறவளைப் போல அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது வந்து..." என்றான்.

"சித்த அசையாதிய சார். நூலு." அவன் சட்டைக் கையிலிருந்து ஒரு பிசிறு தொங்கிக்கொண்டிருந்தது. அவள் கத்தரியை எடுத்தாள். அவன் கையை நீட்டினான். மணிக்கட்டருகே கத்தரியின் குளிர் ஒரு கணம் பட்டு விலகியது.

"தம்பீ! பேனா கெடச்சிருச்சு, வாங்க!" மாடியிலிருந்து வள்ளியாத்தாளின் குரல்.

வெட்டிய நூல் தரையில் மற்ற நூல்களோடு விழுந்து கலந்துவிட்டது. வேல்விழி இன்னும் பதிலுக்காக நின்றிருந்தாள். திருமூர்த்தி நீட்டிய கையை மடக்காமலே நின்றான்.