மிதவையில் கட்டிய படகு

வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. அவள் வேலை பார்க்கும் கடல் முன்னறிவிப்பு அலுவலகத்தின் ஜன்னலில் நின்றால் கீழே கடற்கரை தெரியும். மணலில் வரிசையாகக் கிடந்த படகுகளில் நீல விளிம்பு வைத்தது அவளுடைய அக்கா வீட்டுக்காரருடையது.

போன வாரம் பெரிய அலை வரும் என்று அவள்தான் எச்சரிக்கை விட்டாள். ஊரே படகுகளை மேட்டுக்கு இழுத்தது. கடலோ குளம்போல் கிடந்தது. முதுகு பிடித்துக்கொண்டவர்கள் அவளுக்கு 'புளுகு அலை' என்று பெயர் வைத்தார்கள். இன்னொரு முறை பொய்த்தால் அப்புறம் அவள் சொல்லை யாரும் காதில் வாங்கமாட்டார்கள்.

இன்று சிக்கல் வேறு. ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும் மிதவை அலையை அளந்து அனுப்பும். நேற்றிரவு முழுக்க அது நடுநடுவே அறுந்து, வெட்டி வெட்டி அனுப்பியது, விடிந்ததும் ஊமையாகிவிட்டது. கணினியின் கணிப்பு, கடல் அமைதி என்றது.

"வெட்டு விழுந்த பதிவைத் தூக்கிப் போடணும், அதானே விதி?" என்றான் பக்கத்து மேசைக்காரன். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு ஊரெல்லாம் தேடுகிறவன் என்பதால் அவனுக்குக் கண்ணாடி என்று பெயர்.

"போடலாம். ஆனா வெட்டுக்கு நடுவுல இருக்கிற இடைவெளியப் பாரு."

கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது. வெட்டுகள் தாறுமாறாக இல்லை. தாலாட்டும் கைபோல, நிதானமாக, ஒரே சீராக வந்திருந்தன. காற்று எழுப்பும் அலை அப்படி வராது. எங்கோ தொலைவில் அடித்த புயலின் அலைதான் வரும். நடுக்கடலில் அது தெரியவே தெரியாது. கரைக்கு வந்ததும் எழுந்து நின்று அடிக்கும்.

"சரி, வெட்டு எதுக்கு?"

அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. மிதவையின் நிழலில் மீன் கூடும். கட்டக்கூடாது என்று தெரிந்தே அதில் படகைக் கட்டுகிறவர்கள் உண்டு. அக்கா வீட்டுக்கு போன் போட்டாள்.

"அத்தான், நேத்து ராத்திரி எங்க இருந்தீங்க?"

"கடல்ல. வேற எங்க?"

"மிதவையில கட்டினீங்களா?"

"சேச்சே! நான் அந்தப் பக்கமே போறதில்ல."

பின்னால் அக்காவின் குரல் கேட்டது: "பொய் சொல்லாதீங்க. காலைல அவ்வளவு மீன் வானத்துல இருந்தா விழுந்துச்சு?"

அத்தான் தொண்டையைச் செருமினார். "கொஞ்ச நேரம்தாம்மா."

"விடிய விடிய. அவிழ்க்கும்போது மிதவையோட ஏரியல் கம்பத்துல இடிச்சிட்டீங்களா?"

"லேசா."

"அதுக்கு அப்புறம் அது பேசவே இல்ல. சரி, காத்து இருந்துச்சா?"

"இலை அசையல. ஆனா கயிறு மட்டும் இறுகும், விடும், இறுகும், விடும். தூங்கவே முடியல. நீரோட்டம்னு நெனச்சேன்."

அவள் போனை வைத்துவிட்டுக் கண்ணாடியிடம் சொன்னாள்: "கயிறு இறுகுற ஒவ்வொரு தடவையும் ஒரு அலை, பதிவுல ஒரு வெட்டு. எச்சரிக்கை எழுதறேன்."

"பொய்யாப் போச்சுன்னா?"

"உன் மேசைக்கு வந்து அழறேன்."

எழுதி அனுப்பினாள். பிறகு மறுபடி போனை எடுத்தாள். "அத்தான், நான் சொன்னா யாரும் நம்பமாட்டாங்க. கயிறு இழுத்தத நீங்களே ஊர் ஒலிபெருக்கியில சொல்லுங்க."

"மிதவையில கட்டினேன்னு நானே ஊருக்குச் சொல்லணுமா? அபராதம் போடுவாங்க, தாயே!"

"படகு போனா எவ்வளவு?"

அத்தான் போனை வைத்தார். சற்று நேரத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது. அத்தான் உண்மையைச் சொன்னார். இடித்ததை மட்டும் விழுங்கிவிட்டார். கரையில் முதலில் சிரிப்பு எழுந்தது, பிறகு ஏச்சு. எல்லோருக்கும் அந்தக் கயிறு தெரியும், அவர்களும் கட்டியவர்கள்தான். ஆகவே நம்பினார்கள். படகுகள் ஒவ்வொன்றாக மேடேறின.

சாயங்காலம் பளிச்சென்ற வெயிலில், சிறு காற்றுகூட இல்லாமல், கடல் எழுந்தது. காலையில் படகுகள் கிடந்த மணலை முழுக்க நனைத்து, சாலையோர நடைபாதை வரை நுரை தள்ளியது. மதில்மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவர்களின் செருப்புகளைத் தவிர எதையும் கொண்டுபோகவில்லை.

போன் அடித்தது.

"பாத்தியா? நான் கட்டலேன்னா உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அத்தான்.

"நீங்க கட்டாம இருந்திருந்தா மிதவையே ஒழுங்காச் சொல்லியிருக்கும். இனிமே கட்டினா நானே வந்து கயிற அறுப்பேன்."

அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டாள். "அறுக்காதடி, அவிழ்த்துக் கொண்டா. புதுக் கயிறு."