குழாய் எண் 117, நிலை: நன்று

1.

அவன் ஐந்தரைக்கு எழுந்தான். பல் தேய்த்தான். இரண்டு பாட்டிலில் தண்ணீர் பிடித்தான். ஒன்றைத் திரும்பக் கொட்டினான். பூட்டினான். பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தான்.

(இது ஏழாவது தொடக்கம். முதல் தொடக்கத்தில் ஒரு பறவை இருந்தது. அந்த நேரத்தில் அங்கே பறவை எதுவும் இல்லை. விரட்டிவிட்டேன்.)

இந்தக் கதை ஒரு அரசுப் படிவத்தின் 'குறிப்புகள்' கட்டத்தில் பிறந்தது. கட்டம் இரண்டு வரிதான் தாங்கும். மூன்றாவது வரியை அடித்ததும் கணினி 'எழுத்துகள் மிகுந்துவிட்டன' என்றது. மிகுந்தவற்றைத்தான் இப்போது நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்னொன்று. 'அவன்' என்பது நான்தான். 'நான்' என்று எழுதினால் மூன்றாவது வரியில் நின்றுவிடுகிறது. 'அவன்' என்று எழுதினால் ஓடுகிறது. அவனுக்கென்ன, யாரோ ஒருவன்.

2.

அவனுடைய வேலை, நகராட்சிச் சாலைகளுக்கு அடியில் தண்ணீர் கடக்கப் போட்டிருக்கும் குழாய்களைக் கண்டுபிடித்து, எண் கொடுத்து, வரைபடத்தில் புள்ளி வைப்பது. மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு. விட்டம், நீளம், மண் அடைப்பு எத்தனை சதவீதம், நிலை, சோதித்தவர் பெயர்.

குழாய் திறந்திருக்கிறதா என்று பார்க்க, கண்ணாடியால் உள்ளே வெளிச்சம் அடிக்க வேண்டும் என்கிறது கையேடு. கண்ணாடி முதல் வாரமே தொலைந்துவிட்டது.¹ அதனால் ஆளுக்கொரு முனையில் குனிந்து கத்துவார்கள். குரல் வந்தால் திறந்திருக்கிறது என்று பொருள்.

நான்கு வருஷம் மறுமுனையில் இருந்தவள் அவன் மனைவி. மனைவி ஆவதற்கு முன்பே மறுமுனை ஆகிவிட்டாள். என்ன கத்த வேண்டும் என்று கையேட்டில் இல்லாததால் அவள் இஷ்டத்துக்குக் கத்துவாள். வீட்டுக்கு வாங்க வேண்டிய சாமான் பட்டியல். இன்ஜினியர் தலைக்கு அடிக்கும் சாயத்தைப் பற்றிய விமர்சனம். "உன் பின்னாடி நாய் நிக்குதுப்பா!" அவன் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்ப்பான். ஒரு முறைகூட நாய் இருந்ததில்லை.

கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று அவன் கேட்டதும் குழாயில்தான். எண் 41, விட்டம் தொள்ளாயிரம் மில்லிமீட்டர்.

"சத்தமாக் கேளு, பாதிதான் வருது!"

மறுபடி கேட்டான். சாலைக்கு மேலே டயர் கடைக்காரர் கை தட்டினார். அவள் சரி என்றாள். அவள் சொன்னது டயர் கடை வரைக்கும் கேட்டது.

¹ கண்ணாடிக்கு மனு போட்டிருக்கிறோம். இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

3.

இங்கே கதை கொஞ்சம் நடந்து போக வேண்டும், ஓடக் கூடாது. ஆனால் என் கை

(அழித்துவிட்டேன். விதியைச் சொல்கிறேன்.)

நிலைக்கு மூன்று வட்டங்கள். 'மோசம்' என்றால் அடுத்த வாரமே ஆள் வரும். 'சுமார்' என்றால் வருஷத்துக்கு ஒரு முறை. 'நன்று' என்றால் ஐந்து வருஷத்துக்கு எவரும் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. யார் கடைசியாகச் சோதித்தாரோ அவர் பெயர் பழைய பெயரின் மேல் ஏறி உட்காரும்.

அவள் ஒரு குழாய்க்கும் 'நன்று' போட்டவள் இல்லை. மோசமானது மோசம், மற்றதெல்லாம் சுமார். "ஊரே சுமாரா?" என்று இன்ஜினியர் தலையில் கை வைப்பார். (சாயம் கையில் ஒட்டும்.)

117-ஐச் சோதித்துவிட்டுக் கரையேறினாள். சாலை ஓரத்துக் கல்லில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். (இந்த இடத்தைப் பெரிதாக எழுதிப் பார்த்தேன். எவ்வளவு எழுதினாலும் மறுபடி இந்த அளவுக்கே வந்து நிற்கிறது.)

மூன்று வாரம் கழித்து அவன் வேலைக்குத் திரும்பினான். எப்படி இருக்கிறாய் என்று கேட்டவர்களிடமெல்லாம் நல்லா இருக்கேன் என்றான். கேட்பது நின்றது. பாதியில் விட்ட படிவத்தைத் திறந்தான். சோதித்தவர் கட்டத்தில் அவள் பெயரை எழுதினான். நிலை: நன்று.

ஒரு வருஷத்தில் மற்ற முந்நூற்றுப் பதினொன்றிலும் பெயர் மாறியது. 117-இல் மட்டும் அவள் இருந்தாள். இன்னும் நான்கு வருஷம் இருப்பாள்.

4.

இப்போது ஒரு வில்லி தேவை.

புதுக் கூட்டாளி பூங்காப் பிரிவிலிருந்து வந்த பெண். செடிகளோடு பழகியதாலோ என்னவோ, குரல் தொண்டையைத் தாண்டாது. அலுவலகத்தில் பட்டப்பெயர் 'மைக்'. அவரைக் கெட்டவராக எழுத மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் தன் பிஸ்கட்டில் பாதியை அவனுக்குக் கொடுத்துவிட்டார்.

"சார், 117 பக்கத்துத் தையல்கடை அக்கா போன் பண்ணாங்க. தண்ணி கணுக்கால் வரைக்கும் நிக்குதாம்."

"அது நன்றுன்னுதானே இருக்கு?"

"நமக்கு இருக்கு சார். தண்ணிக்குத் தெரியாதில்ல?"

அவன் திரையைப் பார்த்தான்.

"பேர் போயிடும்னு தெரியும் சார். அதான் ரெண்டு நாளா சொல்லாம வெச்சிருந்தேன். இப்போ கடைக்குள்ளயே வந்துடுச்சு."

(பாருங்கள். இப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு எவன் கதை எழுதுவது?)

5.

தையல்காரம்மா மெஷின்மேல் துணி மூட்டையை ஏற்றிவிட்டு வாசலில் நின்றார்.

"வந்துட்டீங்களா? வாங்க வாங்க. படகு எங்க நிறுத்தினீங்க?"

அவன் கீழ்முனையில் குனிந்தான். மேல்முனையில் மைக். பத்து நிமிஷம் ஒன்றும் வரவில்லை. இங்கேதான் சிக்கல். குழாய் அடைத்திருக்கிறதா, மைக் கத்துவதே அப்படித்தானா? கையேட்டில் இதற்கு வழி இல்லை.

"இதுவாம்மா கத்தறது? குழந்தையத் தூங்க வெக்கிற மாதிரி இருக்கு. நகரு!"

மேல்முனையில் மைக்கை நகர்த்திவிட்டுத் தையல்காரம்மாவே குனிந்தார். குழாய் வழியாக, மண்ணையும் குப்பையையும் தாண்டி, தேய்ந்து மெலிந்து ஒரு குரல் வந்தது: "ஏய்ய்... யாராவது இருக்கீங்களா?"

பாதி அடைப்பு. பாதி திறப்பு.

அவன் படிவத்தைத் திறந்தான்.

6.

முடிவுகள்.

அ) அடைப்பை எடுக்கிறார்கள். மண், பந்து, இடது கால் செருப்பு, கடைசியில் அந்தத் தொலைந்துபோன கண்ணாடி. எல்லோரும் சிரிக்கிறார்கள். (மனு என்ன ஆவது? வேண்டாம்.)

ஆ) 'மழையால் அணுக முடியவில்லை' என்று எழுதிவிட்டு வண்டியை எடுக்கிறான். அவள் பெயர் தப்புகிறது. தையல்காரம்மா படகு வாங்குகிறார்.

இ) குழாய்க்குள்ளிருந்து அவள் குரல் கேட்கிறது. இதை ஒரே மூச்சில் எழுதினேன். பிரமாதமாக வந்தது. அதனால்தான் கிழித்தேன்.

ஈ) இனி உங்கள் பாடு. திரையில் மூன்று வட்டங்கள். எதைத் தொட்டாலும் பெயர் மாறும். தொடாவிட்டால் தண்ணீர் நிற்கும். விரலை உங்களிடம் கொடுத்துவிட்டேன்.

ஒன்றை மட்டும் மறைத்துவிட்டேன். அன்றைக்கு 117-இல் அவள் என்ன கத்தினாள் என்பதை. அவளுக்காக நானே சில வசனங்கள் எழுதிப் பார்த்தேன். "உன்னைப் பார்த்துக்கோ" என்று ஒன்று. "இந்தப் பக்கம் வெளிச்சமா இருக்கு" என்று இன்னொன்று. அதை எழுதிவிட்டு எனக்கே வெட்கமாகிவிட்டது. அவள் இருந்திருந்தால் இன்ஜினியர் சாயத்தை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொண்டிருப்பாள்.

அவள் உண்மையில் சொன்னது இது:

"சுமார்னு எழுதுப்பா! நல்லாருக்குன்னு எழுதினா அப்புறம் யாரும் வந்து பார்க்கவே மாட்டாங்க."